கோடையே வராத ஊர்ல கோடை முகாம்

வா தம்பி, ஒக்காரு. பசியாறிட்டியா? இல்லன்னா மூடி வெச்ச தட்டுல தோசை இருக்கு, எடுத்துக்க. மொதல்ல வயிறு, அப்புறம் பண்பாடு.

புலனத்துல ஒரு படம் அனுப்பியிருந்தியே, பாத்தேன். கண்ணாடியப் போட்டும் பாத்தேன், கழட்டியும் பாத்தேன். 'குடும்பக் கோடை முகாம். பாரம்பரிய இசை, நடனம். மூணு பகல், ரெண்டு ராத்திரி.' எழுத்தைச் சுத்தி சூரியன். ஓரத்துல கூலிங்கிளாஸ் போட்ட மயிலு. மயிலுக்கு எதுக்குடா கூலிங்கிளாஸ்?

அது கெடக்கட்டும். ஜொகூர் பாருவுக்குக் கோடை எப்ப வருது? எனக்குத் தெரியாம என்னிக்காவது வந்துட்டுப் போயிருச்சா? பூமத்திய ரேகைக்கு 1.5 டிகிரி தள்ளி குந்தியிருக்கு நம்ம ஊரு. வருசம் பூரா வேர்வை. சாயங்காலம் ஆனா இடி. வருசக் கடைசியில பருவக்காத்து அடிச்சா கோத்தா திங்கி பக்கம் வெள்ளம். எவனோ குளிர் நாட்டுக்காரன் போட்ட விளம்பரத்த அப்படியே எறக்கி, ஓரத்துல ஒரு மயில ஒட்டியிருக்காங்க போல.

குளிர் நாட்டுக்காரன் கோடைன்னு சொன்னா ஞாயம் இருக்கு. அவனுக்கு அது வருசத்துக்கு ஒருதரம் வர்ற சொந்தக்காரன். அயர்லாந்துல கிளேர்னு ஒரு பக்கம், அதுல மில்டவுன் மால்பேன்னு ஒரு சின்ன ஊரு. பேத்தி போன்ல காட்டுனா. வில்லி கிளான்சின்னு ஒருத்தரு அங்க இருந்தாரு. வாயால ஊதாம, கக்கத்துல துருத்திய இடுக்கிக்கிட்டு வாசிக்கிற குழல் அவரோடது. 1973-ல செத்துட்டாரு. அதே வருசம் அவரு பேர்ல கோடைப் பள்ளி ஆரம்பிச்சுட்டாங்க. இன்னிக்கும் ஜூலையானா நடக்குது. காலையில பாடம். ராத்திரியில? ஊர்ல இருக்குற குடிக்கிற கடையெல்லாம் கச்சேரி. காலையில கத்துக்கிட்ட பொடிசும், ஆயுசு பூரா வாசிச்ச கெழவனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில. யாரு வித்வான், யாரு ரசிகன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. அதப் பாத்ததும், அட, நம்ம தோட்டத்துத் திருவிழாவ இவன் எங்க பாத்தான்னு எனக்கு ஒரே ஆச்சரியம்.

இப்ப நம்ம முகாமுக்கு வருவோம். போன வருசம் என் மகன் என்னையும் ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போனான். பேரு வேணாம், நல்ல மனுசங்க நடத்துனது. கடக்கரையோரம் ஓட்டலு. உள்ள நொழைஞ்சதும் ஒரு பாரம். கையெழுத்துப் போடணுமாம். ஆடி விழுந்தா அவங்க பொறுப்பு இல்லையாம். கும்மியடிக்கிறதுக்கு உயில் எழுதிக் குடுத்த மொத பரம்பரை நாமதான் தம்பி. அப்புறம் ஒரு பை. பையில ஒரு சட்டை, ஒரு தொப்பி, ஒரு தண்ணிப் போத்தலு, ஒரு நவதானியப் பிஸ்கட்டு. நவதானியத்தை வீட்டுல அவிச்சுக் குடுத்தா ஓடுற புள்ளைங்க, பொட்டலத்துல குடுத்ததும் 'ஹெல்த்தி'ன்னு மெல்லுதுங்க.

அப்புறம் தொறப்பு விழா. ஒரு டத்தோ வந்தாரு. குத்துவெளக்கு ஏத்துனாரு. ஏத்துன திரி ஏசி காத்துல அணைஞ்சு போச்சு. மறுபடி ஏத்துனாரு, படம் புடிக்கிறவருக்காக இன்னொருதரம் ஏத்துனாரு. பொன்னாடை போத்துனாங்க. போத்துனவருக்கும் ஒரு பொன்னாடை. பொன்னாடைய எடுத்துக் குடுத்தவருக்கும் ஒண்ணு. 'நம் பண்பாட்டைக் காக்க வேண்டும்'னு டத்தோ பேசுனாரு, பேசுனாரு, பேசிக்கிட்டே இருந்தாரு. பண்பாட்டைக் காக்க வந்த புள்ளைங்க மூணு பேரு பாய்லயே தூங்கிருச்சுங்க. சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தூக்கம் ரொம்பப் பாரம்பரியமானது. கூத்து பாக்கப் போன எடத்துல நாங்களும் அப்படித்தான் தூங்குவோம்.

எனக்கு ரொம்பப் புடிச்சது பறை வகுப்பு. வாத்தியாரு தம்பி கெட்டிக்காரன், கையில நல்ல தாளம். ஆனா தோலு ஏசியில குளிர்ந்து தொஞ்சு கெடக்கு. அடிச்சா 'தொம்'னு முனகுது. பறைக்கு நெருப்பு காட்டணும்லா? ஓலையோ காயிதமோ கொளுத்தி, வாட்டி, தோலு விரைச்சாத்தானே சத்தம் கணீர்னு வரும்? ஓட்டல்காரன் கையக் கூப்புனான்: பொகை வந்தா மேல இருக்குற மணி அடிக்கும், அப்புறம் தண்ணி பீச்சும்னான். கடைசியில என்ன செஞ்சாங்க தெரியுமா? அம்மாமாரு கிட்ட வாங்கி, முடி காயவைக்கிற மெசினு ஆறு ஏழு வெச்சு பறைக்குச் சூடு காட்டுனாங்க. எட்டிப் பாத்தா பியூட்டி பார்லர். வெளிய மணல்ல நாலு மட்டைய கொளுத்தியிருந்தா வேல முடிஞ்சுது. ஆனா வெளிய வெயிலாம். கோடை முகாமுக்கு வந்துட்டு வெயில் ஆகாதாம்!

சிரிக்கிறல்ல? இதெல்லாம் சின்ன விசயம். நான் ஒக்காந்து கவனிச்சது வேற. விளம்பரத்துல 'குடும்ப முகாம்'. வட்டத்துல நின்னு ஆடுனது பூரா புள்ளைங்க. குடும்பம் எங்க? சொவத்தோரம். ஆளுக்கொரு கைப்பேசி, தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு. அப்பன் படம் புடிக்கிறான், அம்மா அந்தப் படத்தத் தாத்தாவுக்கு அனுப்புறா, தாத்தா நான் அதே கூடத்துல ஒக்காந்திருக்கேன். எனக்கு எதுக்குடா அனுப்புற?

ஒரு அம்மாகிட்ட, நீயும் போயி ஆடேன்மான்னேன். 'ஐயோ, எனக்கு வராது அங்கள், வெக்கமா இருக்கும்'னா. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு அந்தக் காலத்துல சொல்லுவாங்க. இப்பக் கூடத்துக்கு நாலு நட்சத்திரம் குடுத்திருக்காங்க, கோணல்னு சொல்ல வழியில்ல. அதனால வெக்கத்து மேல பழியப் போடுறாங்க. வெக்கப்படுற வயசு புள்ளைக்குத்தானே? அது நடுவுல நின்னு தப்புத் தப்பா ஆடிக்கிட்டு இருக்கே!

எங்க தோட்டத்துக் கதையக் கேளு. தெப்ராவ், உலு திராம், மாசாய் பக்கமெல்லாம் அப்ப கித்தா மரம்தான். இப்பத் தாமான் தாமானா நிக்குதே, அந்த எடந்தான். கோயில் திருவிழா வரப் போவுதுன்னா ஒரு மாசத்துக்கு முன்னாலேயே ராத்திரிப் பழக்கம் ஆரம்பிச்சுரும். விடியக் காத்தால பெரட்டுக்குப் போயி, பால் வெட்டி, மங்கு கழுவி, ஸ்டோருக்குப் பால் தூக்கிட்டு வந்த பொம்பளைங்கதான் ராத்திரி காஸ் வெளக்குக்கு அடியில கோல் எடுத்து நிப்பாங்க. அவங்களுக்கு யாரு 'ஒர்க்ஷாப்' வெச்சா? பெரிய பொண்ணு சின்னப் பொண்ணுக்குச் சொல்லும். தப்பா அடிச்சா விரல்ல படும். பட்டா மறுதரம் தப்பாது.

பின்னல் கோலாட்டம் பாத்திருக்கியா? மேல ஒரு வளையம், அதுலேர்ந்து கலர் கலரா கயிறு தொங்கும். ஆளுக்கொரு கயிறு ஒரு கையில, கோல் இன்னொரு கையில. பாதிப் பேரு இப்படிச் சுத்தணும், பாதிப் பேரு அப்படிச் சுத்தணும். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு பூந்து பூந்து வரணும். ஆட ஆட மேலேர்ந்து சடை எறங்கும். அது பாதி வேலைதான். மீதிப் பாதி, வந்த வழியே திரும்ப ஆடி அந்தச் சடைய அவுக்கணும். ஒருத்தி ஒரு அடி மாத்தி வெச்சாலும் போச்சு, அத்தன கயிறும் சிக்கு. அதனால பக்கத்துல நிக்கிறவ காலையும் நீ பாக்கணும், ஒன் காலையும் பாக்கணும். லயத்துல தண்ணிக் குழாய்க்குச் சண்ட போட்டு ரெண்டு மாசம் பேசாத ரெண்டு பொம்பளைங்கள எங்க ஆயா வேணும்னே பக்கத்துல நிறுத்தும். மூணாவது ராத்திரி பேசிக்குவாங்க. பேசாம எப்படி அவுக்கிறது?

அந்த முகாம்லயும் பின்னல் கோலாட்டம் வெச்சாங்க. புள்ளைங்க அழகாப் பின்னுச்சுங்க, பொய் சொல்லல. சடை எறங்குனதும் எல்லாரும் கை தட்டுனாங்க, படம் புடிச்சாங்க. நான் சீட்டு நுனிக்கு வந்துட்டேன், இப்ப அவுப்பாங்கன்னு. ஒலிபெருக்கியில கூப்புட்டாங்க: 'தேநீர் நேரம், அடுத்து சான்றிதழ்.' ஆட்டம் முடிஞ்சுதாம். அப்புறம் ஒரு ஓட்டல் தம்பி ஏணி போட்டு ஏறி, கத்திரிக்கோலால கயித்த வெட்டி எறக்குனான். எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. சான்றிதழ்ல 'நிறைவு செய்தார்'னு அச்சடிச்சிருந்தான்.

பழசெல்லாம் தங்கம்னு நான் கத விடுறேன்னு நெனைக்காத. தங்கத்துல செம்பு நெறைய. திருவிழா ராத்திரியில கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்து மண்டைய ஒடச்சுக்கிட்டவங்களும் எங்க ஆளுங்கதான். பறையடிக்கிறவர சாவுக்கு ஓடி ஓடிக் கூப்புடுவாங்க, கல்யாணப் பந்தியில எல எங்க போடுறதுன்னு யோசிப்பாங்க. பொம்பளப் புள்ள பறையத் தொட்டா வீடு ரெண்டாயிரும். அப்படி மூஞ்சியத் திருப்புன வீட்டுப் பேரப்புள்ளைங்க இன்னிக்கு நெஞ்சுல பறை படம் போட்ட சட்டையோட நிக்குதுங்க. நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். திண்டுக்கல்லுல சக்தி கலைக்குழுன்னு தலித் பொண்ணுங்க பறையத் தூக்கித் தோள்ல மாட்டி ஊரு ஊரா ஆடுனாங்களே, அவங்க பட்ட பேச்சுக்கு அப்புறம்தான் இந்தச் சட்டையெல்லாம் வந்துச்சு. முகாம்காரங்க மொத நாளு அந்தக் கதையக் கொஞ்சம் சொல்லலாம். டத்தோ பேச்சுல பத்து நிமிசத்தக் கொறச்சா போதும்.

பழசா இருந்தாத்தான் பாரம்பரியம்னு ஒரு நெனப்பு வேற இருக்கு. நம்ம ஊர்லயே பாரு. 24 முரசுன்னு சீனப் புள்ளைங்க வரிசையா நின்னு அடிக்குமே, கேட்டிருக்கியா? கேட்டா தரையே அதிரும். அது ஏதோ சீன ராஜா காலத்துச் சமாச்சாரம்னுதான் நானும் மொதல்ல கேட்டுக்கிட்டு இருந்தேன். 1988-ல, இந்த ஜொகூர் பாருவுல, தான் சாய் புவான், தான் ஹூய் சோங்னு ரெண்டு பேரு யோசிச்சுச் செஞ்சது. ஃபூன் இயூ உயர்நிலைப் பள்ளிப் புள்ளைங்கதான் மொதக் குழு. சீன வெவசாயிங்க வருசத்த 24 பருவமாப் பிரிச்சு வெச்சிருக்காங்கல்ல, முரசுக்கு ஒரு பருவம்னு பேரெழுதி அடிக்க ஆரம்பிச்சாங்க. இப்ப நாடு பூராப் பள்ளிக்கூடத்துல இருக்கு. சீனாவுக்கே போயிருச்சு. நாட்டுப் பாரம்பரியம்னு அரசாங்கமே எழுதி வெச்சிருச்சு. வயசு என்னா? ஒன் அண்ணன் வயசு இருக்கும். அந்தப் புள்ளைங்க பள்ளிக்கூடம் முடிஞ்சதும் தெனம் அடிக்குதுங்க, கையில காப்புக் காய்ச்சிருக்கு. மூணு பகல் ரெண்டு ராத்திரியில காப்புக் காய்க்குமா? கொப்புளந்தான் வரும்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், மறந்துருவேன். ஜொகூர் மலாய்க்காரங்க கஸல் பாடுவாங்களே, அதுல நடுவுல ஒக்காந்திருக்குறது எது? ஆர்மோனியப் பெட்டியும் தபலாவும். நம்ம பக்கத்துலேர்ந்து வந்த சாமான். கூடவே அரபுக்காரன் காம்பூஸ். அவங்க ஆடுற ஸாப்பினும் அரபு நாட்டு வேரு. யாரு வீட்டுது, யாரு வாங்குனதுன்னு அவங்க கணக்குப் பாக்கல. புடிச்சுது, வெச்சுக்கிட்டாங்க. நம்ம ஆளுங்கதான் 'கலப்படம் இல்லாத தூய கலை'ன்னு பதாகை கட்டி, அதுக்குக் கீழ நின்னு சினிமாப் பாட்டுக்கு ஆடுறாங்க.

சரி, புள்ளைங்களையும் பெத்தவங்களையும் இவ்வளவு வஞ்சுட்டேனே, அவங்க பக்கம் பேச ஆளு வேணாமா? நானே பேசுறேன். அப்பன் காலையில நாலு மணிக்கு மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டுப் பாலத்துக்குப் போறான். 1924-ல தொறந்த பாலம். வெள்ளக்காரன் ரயிலுக்கும் நாலு காடிக்கும் போட்டது. இப்ப அதுல தெனம் லட்சக்கணக்குல சனம். சிங்கப்பூர்ல வேலைய முடிச்சுட்டு, மறுபடி அதே நெரிசல்ல நின்னு அவன் வீடு வந்து சேரும்போது புள்ள தூங்கிருச்சு. அவன் கெளம்பும்போதும் புள்ள தூங்குது. சனி ஞாயிறு பாக்கலாம்னா, 2014-லேர்ந்து நம்ம மாநிலத்துல வெள்ளி சனி லீவு. அப்பனுக்கு அங்க சனி ஞாயிறு. வாரத்துல ஒரே ஒரு நாளுதான் ரெண்டு பேரும் வீட்டுல. 2025 ஜனவரியிலதான் இங்கயும் சனி ஞாயிறுன்னு மாத்துனாங்க. பதினோரு வருசம் தம்பி! புள்ள ஒண்ணாவதுல சேர்ந்து அஞ்சாம் பாரமே முடிச்சிருக்கும். இப்படிப்பட்ட ஆளு ஆயிரத்துச் சொச்சம் வெள்ளியக் கட்டி மூணு நாளு புள்ளகூட இருக்கலாம்னு பாக்குறான். அவன நான் எப்படி கிண்டல் பண்ணுவேன்? காசு குடுத்து வாங்குன அந்த மூணு நாளுலயும் புள்ளைய கைப்பேசி வழியாவே பாக்குறானேன்னுதான் என் வயித்தெரிச்சல்.

எங்க தோட்டத்துல எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்து, ஒரே நேரத்துல வேல முடிச்சோம். அதனால ராத்திரி ஒண்ணா ஆட முடிஞ்சுது. தோட்டத்த வித்தாங்க, சனம் பிரிஞ்சு தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போச்சு, கூத்தும் போச்சு. இலங்கை மலையகத்துத் தேயிலத் தோட்டங்கள்ல மாசி மாசத்துல காமன் கூத்து நடக்குதுன்னு கேள்விப்படுறேன். அமாவாசை கழிச்சுக் காமன ஊணி, பௌர்ணமி வரைக்கும் ராத்திரி ராத்திரி ஆட்டம். கடைசியில காமன எரிச்சுட்டு, மறுநாள் கொழுந்து பறிக்கப் போவாங்க. ரதி வேசம் கட்டுனது பக்கத்து வீட்டுப் பையன், தப்பு அடிக்கிறது மாமன். அங்க முகாமுக்கு அவசியம் இல்ல. ஊரே முகாம். நமக்கு ஊரு கலைஞ்சுருச்சு. அதனால ஓட்டல்ல அறை எடுத்து ஊரு மாதிரி செஞ்சு பாக்குறோம். தப்பில்ல. செய்யிறதத் திருந்தச் செய்யலாம்ல?

வாரா வாரம் சொல்லிக் குடுக்குற எடமும் இந்த ஊர்ல இல்லாம இல்ல. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-ல கோலாலம்பூர்ல ஆரம்பிச்ச டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் ஜொகூர் பாருவுக்கும் வந்துச்சு. பரதம், பாட்டு, மிருதங்கம் எல்லாம் உண்டு. அவங்க நடத்துற அன்னலட்சுமி சாப்பாட்டுக் கடையில விலைப் பட்டியல் கெடையாது. சாப்புட்டு, மனசுக்குத் தோணுனதக் குடுத்துட்டுப் போவலாம். ஜாலான் உங்கு புவான்ல ராஜமாரியம்மன் கோயிலுக்குத் திருவிழா நேரத்துல போனா நாதஸ்வரமும் தவிலும் ஒரு வெள்ளி செலவில்லாம காதுல விழும். பந்தா இல்லாத எடமாப் பாத்து நம்மாளு ஏன் போவ மாட்டேங்குறான்? அங்க சட்டையும் பையும் குடுக்க மாட்டாங்க, அதான்.

ஆட்டமும் பால் வெட்டுற மாதிரிதான். பால் வெட்டுறத வேடிக்க பாத்துக் கத்துக்கிட்டவன் கத்திய எடுத்தா, பட்டையோட நிக்க மாட்டான், மரத்தையே காயப்படுத்திருவான். பக்கத்துல கங்காணி நின்னு, இவன் கையப் புடிச்சு, ஆழம் இவ்வளவுதான்னு காட்டணும். காட்டுறதுக்கு கங்காணிக்கு மொதல்ல வெட்டத் தெரியணும். நீ ஒன் மகளுக்கு எதக் காட்டுவ? யூடியூபையா?

மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. போக வேணாம்னு நான் சொன்னேனா? தாராளமாப் போ. போறதுக்கு முன்னால அந்த ஏற்பாட்டாளருக்கு போனப் போட்டு நாலு கேள்வி கேளு. பெத்தவங்க நிக்கிறதுக்கு வட்டத்துல எடம் உண்டா, இல்ல நாற்காலிதானா? பறை காய்ச்ச நெருப்புக்கு எடம் இருக்கா? டத்தோ எத்தன நிமிசம் பேசுவாரு? பின்னுனதத் திருப்பி அவுப்பீங்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லன்னா போன வெச்சுரு. 'நல்ல கேள்விண்ணே, அதுக்குத்தான் மூணாவது நாள் பூரா வெச்சிருக்கோம்'னு சொன்னாங்கன்னா காசக் கட்டிரு.

போனப்புறம் மேடைக்கு ஏத்துவாங்களோ, பரிசு கெடைக்குமோன்னு பாக்காத. நீயும் ஒன் பொண்டாட்டியும் கோல் எடுத்து நில்லுங்க. தப்பா அடிப்ப. ஒன் மகளே ஒன் விரல்ல ஒரு போடு போடுவா. அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம் வருமே, அதுக்கு ஈடா எந்தப் பொம்மைய வாங்கிக் குடுக்கப் போற? வீட்டுக்கு வந்து திங்கக்கிழமை ராத்திரி நீ பாலத்துலேர்ந்து களைச்சு வரும்போது, அவ தூங்காம கோலோட வாசல்ல நின்னான்னா என்னையக் கூப்புடு, எங்க ஆயா சொல்லிக் குடுத்த ரெண்டு அடவு மிச்சம் இருக்கு.

இன்னொரு விசயம். அந்த ரெண்டு ராத்திரிக்கு எனக்கும் ஒரு கட்டில் போடச் சொல்லு. என்னடா முழிக்கிற? அவங்களுக்குப் பின்னல அவுக்கத் தெரியுதான்னு யாரு பாக்குறது? காடியில முன் சீட்டு எனக்கு, ஏசியக் கொறச்சு வை. தொப்பி வேணாம், சட்டை பெரிய அளவு. உயில் பாரத்துல நீயே கையெழுத்துப் போட்டுரு. அப்புறம், காசு கட்டுறதுக்கு முன்னால கெழவங்களுக்குப் பாதி வெலையான்னு கேட்டுச் சொல்லு.